முதல் வெட்டு வலது கையால்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல்தான் சூடாகும். அன்றைக்கு எங்கள் சலூன் முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுத் தன் போனை முகத்துக்கு நேரே நீட்டியபோது இரண்டு காதும் எரிந்தன. போனில் ஓடிக்கொண்டிருந்தது நான்தான். முந்தின நாள் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நான் லேயர் கட் செய்ததை எங்கள் ரிசப்ஷன் பெண் வீடியோ எடுத்து, சலூனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தாள். வெட்டு அழகாக விழுந்திருந்தது. அந்தப் பெண் தலையைச் சிலுப்பிச் சிரித்தது அதைவிட அழகு. அண்ணாச்சி காட்டியது அதையெல்லாம் அல்ல. கீழே யாரோ எழுதியிருந்த ஒரு வரியை.

‘அந்த அக்கா பீச்சாங்கையாலல்லா வெட்டுதாவ, யாருமே கவனிக்கலியா?’

அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசை கட்டி நின்றன.

“ஏளா, நெசமாவா?” என்றார் அண்ணாச்சி.

“நெசம்தான் அண்ணாச்சி. சேந்த அன்னைலேருந்து இதே கைதான்.”

“எனக்கும் இந்தக் கையாலதான் வெட்டுனியா?”

“பின்ன? ஒங்களுக்குன்னு தனியா ஒரு கையா வச்சிருக்கேன்?”

களவாணியைப் பிடித்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார். வருஷக்கணக்காகத் தன் தலையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மனிதர். தூத்துக்குடி பாளை ரோட்டில் இருக்கும் எங்கள் சலூன் ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவானது. ஏசி, பாட்டு, வெள்ளை டைல்ஸ் எல்லாம் உண்டு. அண்ணாச்சிக்கு உண்மையான தொழில் ஹார்பரில் கிளியரிங் ஏஜென்சி. சலூன் அவர் ஆசைக்கு வைத்தது. கத்தரியை எந்த விரலில் மாட்டுவது என்று கேட்டால் முழிப்பார். ஆனால் தன் முடி மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அவர் வயதுக்காரர்கள் எல்லாம் தலை பளபளக்க அலையும்போது, அவருக்கு மட்டும் இன்னும் கொத்தாக, கறுகறுவென்று இருக்கும். கறுப்பு டப்பாவில் இருந்து வருவது. கொத்து மட்டும் சொந்தம். அதை வெட்ட என்னைத் தவிர யாரையும் விடமாட்டார்.

எப்படி இத்தனை காலம் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்கலாம். கண்ணாடிதான் காரணம். நாற்காலியில் உட்கார்ந்தவர் என்னை நேராகப் பார்ப்பதே இல்லை, கண்ணாடியில்தான் பார்க்கிறார். கண்ணாடிக்குள் எதிரே நிற்பவளுக்கு என் இடது கை வலது கை ஆகிவிடும். சோபாவில் காத்திருப்பவர்களோ போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒரு வீடியோ வந்து, ஒரு வேலையற்றவன் கண்ணில் பட்டு, அன்றோடு என் கை ஊர்ப் பேச்சானது.

என் கையைப் பற்றி நானே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டது போதும். நான் கடற்கரை ஊரில் பிறந்தவள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் என் இடது கையை, என் தலையில் இருந்த ரிப்பனையே அவிழ்த்து, பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டினார். சிலேட்டுக் குச்சியை வலது கையில் திணித்தார். அழுதால் இன்னும் இறுக்குவார். இன்றைக்கும் என் கையெழுத்து ஈர மணலில் நண்டு ஓடின மாதிரி இருக்கும். பேங்கில் கையெழுத்துப் போட்டால் ஒன்றுக்கு இரண்டு தடவை போடச் சொல்வார்கள். சோற்றில் இடது கையை வைத்தால் வீட்டில் மணிக்கட்டில் சுண்டுவார்கள். கோயிலில் சிலுவை போடும்போது கை மாறிவிட்டால் பின்னாலிருந்து குட்டு விழும். எழுத்து போனது, சோறு போனது, கும்பிடும் போனது. கத்தரிக்கோல் ஒன்றுதான் தப்பித்தது. அதை நான் கையில் எடுத்த வயதில் என்னைக் குட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. கடையில் விற்கும் கத்தரி எல்லாம் வலது கைக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் விலகிக்கொள்ளும், முடியை வெட்டாமல் மடக்கிக் கடிக்கும். அதை வைத்தே படித்து, அதை வைத்தே விரலில் காய்ப்பு ஏறி, பிழைக்கவும் செய்தேன். கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருக்கும் ஒரு வாடிக்கையாளர் என் விரலைப் பார்த்துவிட்டு, ஜப்பானில் இறங்கினபோது இடது கைக்கென்றே செய்த கத்தரி ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அதை முதல் தடவை முடியில் வைத்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தமே இல்லாமல் வெட்டியது. என் கைக்கும் சேர்த்து இந்த உலகத்தில் ஒரு சாமான் செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதெல்லாம் அண்ணாச்சிக்கு எதற்கு? அவர் தீர்ப்பு சொல்லத் தயாராக இருந்தார்.

“ஊரு ஒலகம்னு ஒண்ணு இருக்குல்லா. பச்சப் பிள்ளைக்கு மொத முடி வெட்ட கூட்டிட்டு வருவாவ. கல்யாணப் பொண்ணு வரும். பீச்சாங்கை படுதுன்னா மனசுக்கு ஒரு மாதிரி ஆயிராதா?”

“அந்தக் கைய வச்சி நான் என்ன சாணியா அள்ளுதேன்?”

“கோவப்படாத. ஒரு வழி சொல்லுதேன். மொத வெட்டு மட்டும் சோத்தாங்கையால வெட்டு. பொறவு ஒன் இஷ்டம், எந்தக் கையாலயும் வெட்டிக்க.”

புது வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்து நுழைகிற மாதிரி, தலைக்குள்ளும் வலது கையை வைத்து நுழைய வேண்டுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் ஒப்பந்த வேலை; இருக்கும் நாள் இருக்கும், இல்லாத நாள் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்தக் கத்தரியால்தான். ஒரு வெட்டுதானே, தொலையட்டும் என்று தலையாட்டினேன்.

ஒரு வெட்டு என்றால் என்ன என்று வெட்டாதவர்களுக்குத் தெரியாது. முடியைப் பகுத்து, கிளிப் போட்டு, சீப்பால் இழுத்து, விரலிடுக்கில் கொண்டுவரும்போதே எங்கே வெட்டு விழவேண்டும் என்று கை முடிவு செய்துவிடும். சரியாக அந்த நேரத்தில் நான் என் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலி மாஸ்டரிடம் வலது கைக் கத்தரியை இரவல் வாங்கி, சீப்பை இந்தக் கைக்கும் கத்தரியை அந்தக் கைக்கும் மாற்றி, நுனியில் ஒரு பொட்டு முடியைக் கிள்ளிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் மாற்றி, பகுத்ததை முதலில் இருந்து பகுக்க வேண்டும். எங்களில் மூத்தவர் என்பதால் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பாவம், ஒவ்வொரு தடவையும் தன் வேலையை நிறுத்திவிட்டுக் கத்தரியை நீட்டுவார்.

“நாய் படாத பாடுல்லா படுதோம், ஏளா,” என்பார் மெதுவாக.

அண்ணாச்சி அத்தோடு நிற்கவில்லை. அவரே ஒரு வீடியோவில் வந்து, முடியைக் கோதிக்கொண்டு, “நம்ம கடையில எப்பவும் மொத வெட்டு சோத்தாங்கைதான், மனசுக்கு நிம்மதி!” என்று சொன்னார். பித்தளைத் தட்டு ஒன்று வாங்கிக் கண்ணாடி முன்னால் வைத்தார். இந்துக்கள் வந்தால் அதில் குங்குமமும் பூவும் இருக்கும். எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் வந்தால் குங்குமம் உள்ளே போய்விடும், ரோஜாப்பூ மட்டும். பாய்மார் வீட்டுப் பெண்கள் வந்தால் தட்டே உள்ளே போய்விடும். ஆனால் என் கையை மட்டும் எவர் வந்தாலும் மாற்றியாக வேண்டும். வேறு எதில் ஒத்துப்போனார்களோ இல்லையோ, பீச்சாங்கை ஆகாது என்பதில் மூன்று கூட்டமும் அண்ணன் தம்பிதான். கைக்கு வைத்திருக்கிற பெயரைப் பாருங்கள்! உலகத்தில் அத்தனை பேரும் காலையில் கழுவிக்கொண்டு வரும் கைதான் அது. கழுவாதவன் யாராவது இருந்தால் வந்து என் கையைப் பழிக்கட்டும்.

ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. “கல்யாணப் பொண்ணுன்னா முன்பக்கம் பூராவும் சோத்தாங்கையால வெட்டு” என்றார். பின்னால் வந்து நின்றுகொண்டு, “அந்தப் பக்கமா நிக்காத, இந்தப் பக்கமா நில்லு” என்றார். நான் நிற்கும் பக்கம் என் கைக்குத் தகுந்த பக்கம். அதை மாற்றினால் வாடிக்கையாளரின் தோளில் என் முழங்கை இடிக்கும். சொன்னால், “வாய் நீளுது” என்பார். மீன் வெட்டுகிறவனிடம் போய்க் கத்தியை இப்படிப் பிடி என்று இவர் சொல்லுவாரா? சொன்னால் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். எங்களிடம் மட்டும் எல்லோரும் சொல்லலாம்.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவந்தேன். மணப்பாட்டில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்த நாள் வரைக்கும்.

மகளுக்கு மறுநாள் புதுநன்மை; கோயிலில் சாமியாரிடம் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வெள்ளை கவுனும் தலையில் கிரீடமும் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் முடியை ஒழுங்காக்க வேண்டும். சின்னப் பிள்ளை, முன்பல் இரண்டும் அப்போதுதான் முளைத்து வந்திருந்தது. நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்துக் கழுத்தில் துணியைக் கட்டினேன். வழக்கம்போல மாஸ்டரிடம் கத்தரி வாங்கி, கையை மாற்றி, ஒரு கிள்ளு கிள்ளி, மறுபடி மாற்றினேன்.

அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் கையையே பார்த்தது. “ஆன்டி, கைய எதுக்கு மாத்துதிய? எனக்கும் இந்தக் கைதான் வரும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தாய் பேசினாள். “பாத்தியாளா? ஆன்டி பீச்சாங்கைக்காரியா இருந்தும் மொத வெட்ட சோத்தாங்கையாலதான் வெட்டுதாவ. நீ மட்டும் எது சொன்னாலும் கேக்க மாட்டுக்க. நாளைக்கு நற்கருணைய எந்தக் கையால எடுப்ப? அதச் சொல்லு.”

பிள்ளை துணிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த இடது கையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. துணிக்கு அடியில் அந்தக் கை முஷ்டியாக மடங்கி இருப்பது எனக்குத் தெரிந்தது.

எந்தக் கூத்தை நான் வயிற்றுப்பாட்டுக்காக ஆடினேனோ, அதையே எடுத்து ஒரு பச்சப் பிள்ளையின் கையில் அடிக்கிறாள் ஒருத்தி. என் ரிப்பனை அவிழ்த்த டீச்சருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் வைத்துவிட்டார் இந்த அண்ணாச்சி? நற்கருணையைக் கையில் வாங்குகிறவர்கள் இடது உள்ளங்கையை மேலே வைத்துத்தான் நீட்டுகிறார்கள். சாமியாரும் அதில்தான் வைக்கிறார். ஆண்டவர் வந்து உட்காருவதற்கு ஆகும் கை, கத்தரி பிடிக்க ஆகாதா?

“கண்ணு, உனக்கு எந்தக் கை வருதோ, அதான் உன் கை,” என்றேன். “அந்த மொத வெட்டு எங்க மொதலாளி சொன்னதுக்காக வெட்டுனது. முடியெல்லாம் இந்தக் கையாலதான் வெட்டுதேன், பாத்துக்க.”

தாயின் முகம் சுண்டிப்போனது. போகும்போது அண்ணாச்சியிடம் வத்தி வைத்துவிட்டுத்தான் போனாள். அவர் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நானும் போட்டேன். இனிமேல் முதல் வெட்டும் கிடையாது, தட்டும் கிடையாது, என் கைக்கு நான்தான் முதலாளி என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாஸ்டர் ஹேர் டிரையரைப் போட்டு எங்கள் சத்தத்தை மறைக்கப் பார்த்தார்.

“எம் மக கல்யாணம் முடியட்டும், பொறவு இருக்கு ஒனக்கு,” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போய்விட்டார்.

ஆனால் வினை அந்தக் கல்யாணத்திலேயே இருந்தது.

அண்ணாச்சி மகளுக்குச் சுருட்டை முடி. பிளஸ் டூ படித்த காலத்தில் இருந்து நான்தான் வெட்டுகிறேன். சுருட்டையை நனைத்து நீட்டி வெட்டினால், காய்ந்ததும் அது பாட்டுக்கு மேலே ஏறிக்கொள்ளும். காய்ந்த முடியில் ஒவ்வொரு சுருளாக எடுத்து வெட்டவேண்டும். ஒருமுறை நான் லீவில் இருந்தபோது மாஸ்டர் நனைத்து வெட்டி, முடி காதுக்கு மேலே போய், அந்தப் பிள்ளை கல்லூரிக்கே போகமாட்டேன் என்று அழுதது. அதிலிருந்து வேறு யாரும் தன் தலையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் வெட்டுவதற்காகவே சென்னையில் இருந்து லீவு போட்டு வந்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள். சம்பந்தி அம்மாள் போனில் பேசும்போது, “பொண்ணுக்கு முடி யாரு வெட்டுவா? அந்த வீடியோல வந்துச்சே, பீச்சாங்கைப் பிள்ளை, அதா?” என்று கேட்டாராம். அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. வெட்டுகிற அன்றைக்கு அந்த அம்மாளும் கூடவே வருவதாகச் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் அண்ணாச்சி என்னிடம் வந்தார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நாளைக்கு அந்த அம்மா முன்னாடி எம் மகளுக்கு முழுசும் சோத்தாங்கையாலதான் வெட்டணும். மொத வெட்டு மட்டுமில்ல, முழுசும். முடியாதுன்னா நாளையோட கணக்க முடிச்சிட்டுப் போயிரு.”

“அண்ணாச்சி, என்னால முடியாது. வீம்புக்குச் சொல்லல. அந்தக் கைக்கு வெட்டத் தெரியாது.”

“ரெண்டு கையும் ஒன் கைதான? அந்தக் கைக்கு மட்டும் என்ன கேடு?”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமுக்குள் போய், பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மைத் தலையில் வலது கையால் வெட்டிப் பார்த்தேன். உண்மையாகவே முயற்சி செய்தேன். வேலை போய்விடும் என்றால் யார்தான் முயற்சி செய்யமாட்டார்கள்? நுனியில் கிள்ளுவது வந்தது. உள்ளே போனால், விரல் ஒரு கணக்கு சொன்னது, கத்தரி ஒரு கணக்கு சொன்னது. பொம்மைத் தலை எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது. அதைத் துணி போட்டு மூடி வைத்தேன். மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுகை நின்றதும் கோபம்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் பதினொரு மணி வாக்கில் எல்லோரும் வந்தார்கள். அண்ணாச்சி மகள் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, “அக்கா, காதுக்குக் கீழ ஒரு சுருள் விடுங்க, பூ வச்சா தெரியணும்,” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சம்பந்தி அம்மாள் சோபாவில் அமர்ந்து, கையில் காபியோடு, கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அண்ணாச்சி பட்டை இட்டு, முடியைப் படிய வாரி, என் பின்னால் வந்து நின்றார். என் இடது கையில் இருந்த கத்தரியைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். ரிசப்ஷன் பெண் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

நான் என் கத்தரியைக் கீழே வைத்தேன். மாஸ்டரின் கத்தரியை வாங்கி வலது கையில் மாட்டினேன். அந்தப் பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். காதுக்குக் கீழே ஒரு சுருளை விரலில் எடுத்ததும் அந்தப் பொம்மைத் தலைதான் கண்ணில் நின்றது. விட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, முழுசா இந்தக் கையால நான் ஒருத்தருக்கும் வெட்டுனது கிடையாது,” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “எடுத்த எடுப்புல கல்யாணப் பொண்ணு தலையில கைய வைக்க மாட்டேன். வேற யாரு தலையிலயாவது ஒருக்க வெட்டிப் பாத்துகிடுதேன்.”

“அப்பா, என்ன நடக்குது இங்கன?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்லம்மா, நீ சும்மா இரு.” என் பக்கம் திரும்பி, “யாரு தலையில வெட்டப் போற?” என்றார்.

நானும் சுற்றிப் பார்த்தேன். மாஸ்டர் போன வாரம்தான் திருச்செந்தூரில் முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார். ரிசப்ஷன் பெண் ஒரு கையால் தன் பின்னலைப் பிடித்துக்கொண்டு, “எம் பக்கம் பாக்காதிய அக்கா,” என்றாள். சம்பந்தி அம்மாள் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அண்ணாச்சியைச் சுட்டிருக்க வேண்டும். “ஒரு முடி வெட்டுக்கு என்ன பாடு படுத்துதா பாருங்க,” என்று அந்த அம்மாளிடம் சொன்னார். “இது என்ன ராக்கெட் விடுத வேலையா? இந்தா, என் தலையில வெட்டு. நல்லா வெட்டு. பொறவு எம் மகளுக்கு வெட்டு.”

சொல்லிக்கொண்டே பக்கத்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார்.

மாதா அறிய இதைச் சொல்கிறேன். நான் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. துணியைக் கட்டினேன். பின்னந்தலையில் முடியைப் பகுத்தேன். மனசில் இருந்த கோபத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். முதல் வெட்டு நுனியில் ஒழுங்காகவே விழுந்தது.

“பாத்தியளா! வருதுல்லா!” என்று அண்ணாச்சி சம்பந்தி அம்மாள் பக்கம் தலையைத் திருப்பினார்.

என் இடது கையாக இருந்திருந்தால் தலை அசைந்ததும் தானாக நின்றிருக்கும். எத்தனை குழந்தைகள் துள்ளியிருக்கின்றன, எத்தனை பேர் தும்மியிருக்கிறார்கள், ஒருநாளும் தப்பியதில்லை. வலது கைக்கு அதெல்லாம் கேட்காது. கத்தரி மூடிக்கொண்டது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கொத்து வெள்ளை டைல்ஸில் போய் விழுந்தது. உச்சிக்குக் கீழே, புகைப்படக்காரன் பின்னால் நின்று எடுத்தால் முதலில் தெரிகிற இடத்தில், தலைத்தோல் வெளுப்பாகத் தெரிந்தது.

அண்ணாச்சி மகள், “ஐயோ அப்பா!” என்றாள். அடுத்த நொடியே சிரிப்பை அடக்க முடியாமல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி கீழே பார்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். விரல் அந்தப் பள்ளத்துக்குள் போய் நின்றது.

சம்பந்தி அம்மாள் காபியைக் கீழே வைத்தார். “எதுக்குங்க இந்தக் கூத்தெல்லாம்?”

“நீங்கதான போன்ல…” என்று இழுத்தார் அண்ணாச்சி.

“நானா? நான் ஒரு பேச்சுக்குல்லா கேட்டேன்! முடி நல்லா இருந்தாப் போதும். எந்தக் கையின்னா எனக்கென்ன?”

ஒரு பேச்சுக்கு! நான் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதது ஒரு பேச்சுக்கு. வேலையை விட்டுப் போ என்றது ஒரு பேச்சுக்கு. எவனோ பொழுது போகாமல் எழுதினான், எவரோ பேச்சு வாக்கில் கேட்டார், அதற்கெல்லாம் இவர் என் கையைப் பிடுங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேண்டும் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. அண்ணாச்சியின் தலையைப் பார்த்து எனக்குப் பாவமே வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வரவில்லை.

அவர் யார் முகத்தையும் பார்க்காமல், டைல்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஏளா… கைய மாத்து.”

“யாருக்கு அண்ணாச்சி?”

“எனக்குத்தான். இத எப்பிடியாவது சரி பண்ணு.”

“ஒங்களுக்கு மட்டுமா?”

“பொண்ணுக்கும்தான்.”

நான் மாஸ்டரின் கத்தரியை விரலில் இருந்து கழற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். என் கத்தரி டிராலியில் கிடந்தது. அதைத் தொடவில்லை.

“வேற?” என்றேன்.

கடை முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரிசப்ஷன் பெண் போனை இன்னும் இறக்கவில்லை.

“எல்லாருக்கும். வாரவ போறவ எல்லாருக்கும். போதுமா?”

நான் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் தோளில் பிறந்ததில் இருந்து தொங்கும் கையை எனக்குத் தருவதற்கு இவர் யார்? அவர் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினேன்.

“பொண்ணுக்குத்தான் மொதல்ல. நீங்க போயி சோபாவுல உக்காருங்க அண்ணாச்சி. முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்.”

அவர் எழுந்து, அந்தப் பள்ளத்தோடு, சம்பந்தி அம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் அவசரப்படவில்லை. என் கத்தரியை இடது கையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுருளாக எடுத்து, நிதானமாக வெட்டினேன்.